தாய் குவைத்தில், உறவு கூடலூரில்: பதின்ம வயது அக்காவும் தம்பியும் பெற்றோர் இன்றிச் சென்று திரும்பிய பயணம் – ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கையின் மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து 17 வயதுப் பெண்ணும் அவளுடைய 15 வயதுத் தம்பியும் ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் தமிழ்நாட்டின் நீலகிரியிலுள்ள கூடலூருக்குப் போய் வந்தார்கள். பெற்றோர் உடன் செல்லவில்லை. திட்டமிட்டதிலிருந்து திரும்பி வரும் வரை ஹட்டனில் இயங்கும் எங்கள் சிறிய மாணவர் உதவிக் குழு கூடவே இருந்தது. மலையகத்தில் ஆசிரியர்களும் பெற்றோரும் "பிள்ளைகளைக் குறைந்த செலவில் வெளிநாட்டுக்கு அனுப்ப வழி உண்டா?" என்று கேட்பது அதிகமாகிவிட்டது. அதனால் நடந்ததை வரிசையாகப் பதிவு செய்கிறோம். குடும்பத்தாரின் பெயரும் தோட்டத்தின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

தகப்பன் தோட்டத் தொழிலாளி. தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். பிள்ளைகள் இருவரும் அம்மாயியோடு (தாயின் தாய்) லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், வளர்ந்தவர்கள். அக்கா உயர்தரம் முதலாம் வருடம், தம்பி தரம் 10. வீட்டு வருமானம் பற்றிப் பெரிய கணக்குத் தேவையில்லை. அப்போது தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதுவும் பேர் விழுந்தால்தான், அதாவது அன்றைய வேலை முழுநாளாகப் பதிவானால்தான். தாய் அனுப்பும் பணத்தில் பாதி பழைய கடனுக்கும் மீதி படிப்புக்கும் போய்விடும்.

ஆசை தொடங்கிய இடம் வாட்ஸ்அப். காலமான தாத்தாவின் தங்கை 1970களில் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனவர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக எழுதியது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகப் போன குடும்பங்களில் இதுவும் ஒன்று. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு நடத்தும் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் அந்தப் பாட்டி கூடலூர்ப் பக்கம் கொழுந்து எடுத்து, ஓய்வும் பெற்றுவிட்டார். 1984இல் அந்தக் கப்பல் நின்ற பிறகு இரண்டு வீட்டுக்கும் இடையில் கடிதம்தான் போய்வந்தது. பிறகு அதுவும் குறைந்தது. பேரப்பிள்ளைகள் முகநூலில் ஒருவரையொருவர் கண்டுபிடித்த பிறகுதான் மறுபடியும் பேச்சு தொடங்கியது.

"எங்க அண்ணன் பேரப்புள்ளைங்கள ஒரு தடவ கண்ணால பாக்கணும்" என்று கூடலூர் பாட்டி சொன்னதை அக்காவே எங்களிடம் வந்து சொன்னாள். தகப்பனுக்குக் கடவுச்சீட்டு இல்லை. அவருக்கும் சேர்த்துச் செலவழிக்கப் பணமும் இல்லை. அம்மாயிக்கு உடம்பு இடம் கொடுக்காது. ஆகவே பெற்றோர் இல்லாத பயணம் என்பதை யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. நிலைமை அப்படித்தான் அமைந்தது.

பரிசீலித்த வழிகள்

உறவினர் வீடு என்ற யோசனை முன்னாலேயே இருந்தாலும், இந்த வயதுக்கு வேறு என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று முதலில் பார்த்தோம். வெளிநாடு போவதுதான் நோக்கம் என்றால், முழுச்செலவையும் பிறர் ஏற்கும் வழி இருக்கும்போது சீட்டுப்பிடித்த காசைச் செலவழிப்பது புத்திசாலித்தனம் அல்ல.

சக்குரா சயன்ஸ் என்ற ஜப்பானியத் திட்டம் 2014 முதல் நடக்கிறது. குறுகிய காலப் பயணம், அழைக்கும் தரப்பே செலவை ஏற்கிறது. ஆனால் மாணவர் தனியாக விண்ணப்பிக்க முடியாது. நிறுவனங்கள் வழியாகத்தான் தெரிவு. தோட்டப் பாடசாலை மாணவிக்கு அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிவதற்கே ஒரு வருடம் ஆகும்.

யுனைடெட் வேர்ல்ட் கொலேஜ்கள் வேறு வகை. 1962இல் வேல்ஸில் தொடங்கியவை. அவற்றில் ஒன்று இந்தியாவில் புனேக்கு அருகில் 1997 முதல் இயங்குகிறது. 16 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு வருட உயர்தரப் படிப்பு. ஒவ்வொரு நாட்டிலும் தேசியக் குழு தெரிவு செய்யும். குடும்பத்தின் தேவையைப் பார்த்துப் புலமைப்பரிசில் தரப்படும். எங்கள் பார்வையில் மலையகப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு கிடையாது. என்றாலும் அது விடுமுறைப் பயணம் அல்ல, வாழ்க்கையை மாற்றும் முடிவு. அக்கா ஏற்கெனவே உயர்தரத்தில் கால் வைத்துவிட்டாள்.

ரோட்டரி இளைஞர் பரிமாற்றம் 15 முதல் 19 வயது வரையானவர்களுக்கு. தங்குமிடமும் சாப்பாடும் அங்குள்ள குடும்பம் தரும். விமான டிக்கெட், காப்புறுதி, விசா மாணவரின் பொறுப்பு. குறுகிய காலப் பரிமாற்றங்களில் பெரும்பாலும் ஒரு வீட்டுப் பிள்ளை போனால் மற்ற வீட்டுப் பிள்ளை இங்கே வந்து தங்க வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில் நான்கு பேர் படுக்கும் குடும்பம் ஒரு ஜெர்மன் பிள்ளையை எங்கே படுக்க வைக்கும்? விதிகளில் ஏழைகளை விலக்கும் வரி ஒன்றுகூட இல்லை. விலக்குவது வீட்டின் அளவு.

சாரணர் ஜம்போரி 14 முதல் 17 வயதுக்கு நல்ல வழி. அடுத்த உலக ஜம்போரி 2027இல் போலந்தின் க்டான்ஸ்கில். ஆனால் பாடசாலையில் சாரணர் அணி இருக்க வேண்டும். இவர்களுடைய பாடசாலையில் இல்லை. வெளிநாட்டுத் தொண்டர் முகாம்கள், பண்ணையில் வேலை செய்து தங்கும் ஏற்பாடுகள் போன்றவை பெரும்பாலும் 18 வயது கேட்கின்றன. விசா இல்லாமல் போகக்கூடிய சிங்கப்பூர், சார்க் (தெற்காசிய) நாட்டவருக்கு இலவச விசா தரும் நேபாளம் பற்றியும் பேச்சு வந்தது. விசா இலவசம் என்றாலும் 15 வயதுப் பையனுக்கு அறை கொடுக்கும் விடுதி இருக்க வேண்டும், அவனுக்குப் பொறுப்பாக ஒரு பெரியவரும் இருக்க வேண்டும். அவை இல்லை.

இதற்கிடையில் இன்னொரு "வழி"யும் வந்தது. நகரத்தில் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒருவர் தகப்பனைச் சந்தித்து, அக்காவை மலேசியாவுக்கு இரண்டு வாரச் சுற்றுலாவில் சேர்க்கலாம், காசே தேவையில்லை, பாஸ்போர்ட்டும் போட்டோவும் போதும் என்றிருக்கிறார். "வயசு கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கலாம், அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்றும் சொல்லியிருக்கிறார். தகப்பன் நல்லவேளையாக எங்களிடம் கேட்டார். யார் செலவு செய்கிறார், ஏன்? அங்கே யார் பெயரில் அழைப்புக் கடிதம்? திரும்பும் டிக்கெட் யார் கையில்? இந்த மூன்றையும் அந்த ஆளிடம் கேட்கச் சொன்னோம். அவர் அதற்குப் பிறகு லயத்துப் பக்கம் வரவில்லை. 2013 ஜனவரியில் சவூதியில் மரண தண்டனைக்கு உள்ளான மூதூர் றிசானா நபீக்கின் கடவுச்சீட்டிலும் வயது கூட்டித்தான் எழுதப்பட்டிருந்தது. மலையகத்தில் இதை அறியாத தாய்மார் குறைவு. இருந்தும் "இலவசம்" என்ற சொல்லுக்கு இன்னமும் வலு இருக்கிறது.

முடிவும் காரணங்களும்

கூடலூர் என்றே முடிவானது. தங்குமிடம் உண்டு, சாப்பாடு உண்டு, மொழிச் சிக்கல் இல்லை, பொறுப்பேற்க இரத்த உறவு உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமாக, இடைவழியில் திருச்சியில் கூடலூர் பாட்டியின் மகள் இருக்கிறார். பிள்ளைகளுக்கு அத்தை முறை. மருத்துவமனையில் தாதியாக வேலை செய்பவர். விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப் போகவும் திரும்பக் கொண்டுவந்து விடவும் அவர் ஒப்புக்கொண்ட பிறகே நாங்கள் சரி என்றோம்.

கப்பலா விமானமா என்பதில் வீட்டில் இழுபறி. காங்கேசன்துறை–நாகப்பட்டினம் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14ஆம் திகதி தொடங்கிச் சில நாட்களிலேயே காலநிலையால் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. தாத்தாவின் தங்கை கப்பலில் போனவர், பிள்ளைகளும் கப்பலில் போகட்டும் என்று அம்மாயிக்கு ஆசை. கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஹட்டனிலிருந்து யாழ்ப்பாணம் ஓர் இரவுப் பயணம், அங்கே தங்கும் செலவு, கூட வரும் பெரியவரின் செலவு, அந்தப் பக்கம் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு மறுபடியும் பஸ். கடல் கொந்தளித்துச் சேவை நின்றால் இரண்டு சிறுவர்கள் காங்கேசன்துறையில் காத்திருக்க வேண்டும். கொழும்பு–திருச்சி விமானம் சுமார் ஒரு மணி நேரம். டிக்கெட்டை முன்கூட்டியே வாரநாளில் எடுத்தால் வித்தியாசம் பெரிதாக இல்லை. விமானத்தையே தேர்ந்தோம். பெரும்பாலான விமான நிறுவனங்கள் 12 வயதைத் தாண்டியவர்களைத் துணையின்றி ஏற்கும். என்றாலும் டிக்கெட் எடுப்பதற்கு முன்பு அந்த நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டோம்.

அக்காவைத் தனியாக அனுப்ப வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. "பொம்பளப் புள்ளைய தனியா அனுப்புறதா? தம்பியும் கூடப் போகட்டும், தொணையா இருப்பான்" என்றார் அம்மாயி. தம்பி சேர்ந்ததால் செலவு இரட்டிப்பானது. நடந்தது என்னவென்றால், படிவங்களை நிரப்பியதும் பணத்தை வைத்திருந்ததும் விமான நிலையத்தில் அதிகாரிக்குப் பதில் சொன்னதும் அக்காதான். தம்பி கூடப் போனதில் பயன் இல்லை என்று சொல்ல மாட்டோம், அவன் போய் வந்தது நல்லதே. ஆனால் துணை யாருக்கு யார் என்பது வீட்டார் நினைத்தபடி இருக்கவில்லை.

ஆவணங்கள்

இந்தப் பயணத்தில் நேரமும் காசும் அதிகம் போனது இந்தக் கட்டத்தில்தான். டிக்கெட் விலையை எல்லோரும் கேட்கிறார்கள், இதை யாரும் கேட்பதில்லை.

தம்பியின் பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் பெயர் ஒரு விதமாகவும், தகப்பனின் ஆளடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருந்தது. தோட்டத்தில் பிறப்பைப் பதியப் போனவர் ஒருவர், எழுதிக்கொண்டவர் ஒருவர். வாயால் சொன்ன தமிழ்ப் பெயர் சிங்களத்தில் எழுத்தாகி, பிறகு மொழிபெயர்ப்பில் மூன்றாவது உருவம் எடுத்திருந்தது. மலையகத்தில் இப்படி இல்லாத வீடு அபூர்வம். இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தால் அப்போதைக்கு வேலை நடக்கும் என்று பலர் சொன்னார்கள். நாங்கள் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளர் வழியாகச் சான்றிதழையே திருத்துவது என்று முடிவெடுத்தோம். நாளைக்கு இதே பையன் பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது இதே சிக்கல் மறுபடி வரும், அப்போது தகப்பனுக்கு வயதாகியிருக்கும் என்பதே காரணம். அதற்கு வாரக்கணக்கில் பிடித்தது. ஒவ்வொரு முறை செயலகம் போகும்போதும் தகப்பனுக்கு ஒரு நாள் பேர் போனது. அந்த 1,350 ரூபாய்களைக் கூட்டினால் வந்த தொகை எங்களுக்கே அதிர்ச்சியாக இருந்தது.

அடுத்தது தாயின் சம்மதம். 16 வயதுக்குக் குறைந்தவருக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் பெற்றோர் இருவரின் ஒப்புதலும் வேண்டும். பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இலங்கைத் தூதரகம் உறுதிப்படுத்திய கடிதம் தேவை. வீட்டுப் பணிப்பெண்ணுக்குத் தூதரகம் திறந்திருக்கும் வாரநாளில் வெளியே வருவது லேசான காரியம் அல்ல. முதலாளியம்மாவிடம் என்ன சொல்லிக் கேட்பது என்று தாயும் அக்காவும் ஐமோ செயலியில் பல இரவுகள் பேசினார்கள். கடைசியில் உண்மையையே சொல்லிக் கேட்டார். அந்த அம்மாவே தன் சாரதியுடன் அனுப்பி வைத்தார். கடிதத்தைத் தபாலில் போடாமல், விடுமுறையில் ஊருக்கு வந்த பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். இரண்டு கடிதங்கள்: ஒன்று தம்பியின் கடவுச்சீட்டுக்கு. மற்றது இருவரும் தனியே பயணம் செய்யவும் கூடலூரில் இன்னார் பொறுப்பில் தங்கவும் சம்மதம் என்று திகதியோடு எழுதியது. இரண்டாவதையும் அதே வருகையில் முடித்துக்கொண்டதால் தாய் மறுபடி அலைய வேண்டியிருக்கவில்லை.

அக்காவுக்கு 16 தாண்டிவிட்டதால் பத்து வருடக் கடவுச்சீட்டு. அப்போது சாதாரண சேவைக்கு 10,000 ரூபாய், ஒருநாள் சேவைக்கு 20,000. ஆளடையாள அட்டை பாடசாலை அதிபர் வழியாக ஏற்கெனவே கிடைத்திருந்தது. படம் குடிவரவுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும், அவர்களே இணையவழி அனுப்பிவிடுவார்கள். விரலடையாளம் கொடுக்கக் கொழும்பு போகத் தேவையில்லை. இணையவழி விண்ணப்பித்து, அந்த வசதியுள்ள பிரதேச செயலகத்தில் கொடுக்கலாம். இது தெரியாமல் இரவு வண்டி பிடித்து பத்தரமுல்லையிலுள்ள திணைக்களத்துக்குப் போய் வரிசையில் நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தம்பிக்கு 16 ஆகவில்லை, ஆகவே மூன்று வருடக் கடவுச்சீட்டு, விரலடையாளம் இல்லை. நாள் இருந்ததால் இருவருக்கும் சாதாரண சேவையிலேயே போட்டோம்.

இந்திய விசாவை இணையவழி எடுத்திருக்கலாம். கண்டி விண்ணப்ப நிலையம் வழியாகப் போனோம். சிறுவர்களின் சம்மதக் கடிதங்கள், பிறப்புச் சான்றிதழ்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு, கூடலூர் வீட்டாரின் அழைப்புக் கடிதம், அவர்களுடைய ஆதார் அட்டைப் பிரதி எல்லாவற்றையும் ஓர் அதிகாரி முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது, விமான நிலையத்தில் முதல் தடவையாக நீட்டுவதற்குப் பதில். மேலதிகச் செலவு கண்டிக்கு ஒரு பஸ் பயணம்.

பணத்தைப் பற்றி ஒரு குறிப்பு. வெளிநாட்டவர் இந்தியாவுக்குள் கொண்டுபோகக்கூடிய இந்திய ரூபாய்க்கு உச்சவரம்பு உண்டு. அதனால் தாய் அனுப்பியதில் ஒரு பகுதியை அனுமதி பெற்ற இடத்தில் டொலராக்கி, திருச்சியில் மாற்றிக்கொள்ளும்படி கொடுத்தோம். எங்கள் குழு தம்பியின் டிக்கெட்டில் பாதியும் இருவரின் பயணக் காப்புறுதியும் ஏற்றது. மீதி தகப்பன் எடுத்த சீட்டுப் பணம். கடன் வாங்கவில்லை. அது நாங்கள் முதலிலேயே வைத்த நிபந்தனை.

பயணம்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி அக்காவைச் சற்று நேரம் நிறுத்தி வைத்தார். தாய் எங்கே, அங்கே யார், எப்போது திரும்பி வருவாய், வேலைக்கா போகிறாய் என்று கேள்விகள். தோட்டப் பகுதியிலிருந்து வரும் இளம் பெண்ணிடம் இப்படிக் கேட்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவளிடம் முன்பே சொல்லியிருந்தோம். வயதைக் கூட்டி அனுப்பப்பட்ட பிள்ளைகளின் வரலாறு அந்த மேசைக்கும் தெரியும். கோப்பிலிருந்த ஆவணங்களை வரிசையாக எடுத்து வைத்தாள். அதிகாரி வெளியில் நின்ற தகப்பனுக்குத் தொலைபேசியில் பேசி உறுதி செய்துவிட்டு முத்திரை குத்தினார். அழைத்துப் போனவர் விமானம் கிளம்பும் வரை விமான நிலையத்தை விட்டு நகரக் கூடாது என்ற ஏற்பாடு அங்கே பயன்பட்டது.

திருச்சியில் எதிர்பார்த்த சிக்கல் தொலைபேசி. இந்தியாவில் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு சிம் அட்டை கொடுக்க மாட்டார்கள். இலங்கை எண்ணில் ரோமிங் செலவு அதிகம். ஆகவே "வெளியே வந்து போன் பண்ணு" என்ற வழக்கமான ஏற்பாடு இவர்களுக்குப் பொருந்தாது. எந்த வாசல், யார் நிற்பார், என்ன நிறச் சேலை, அவர் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருந்து யாரிடம் போக வேண்டும் என்பதெல்லாம் தாளில் எழுதி இருவர் பையிலும் தனித்தனியாக வைக்கப்பட்டிருந்தது. அத்தை நேரத்துக்கு வந்தார். தன் வீட்டில் சும்மா கிடந்த போனை அக்காவிடம் கொடுத்தார். மறுநாள் கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம், ஊட்டி வழியாகப் பஸ்ஸில் கூடலூர். நீலகிரிக்குள் வரும் சுற்றுலா வாகனங்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், அரசுப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் வீட்டார் 24 மணி நேரத்துக்குள் அதை அறிவிக்கும் படிவத்தை (அப்போது படிவம் 'சி') இணையவழி நிரப்ப வேண்டும். விடுதிகளுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், சொந்தக்காரர் வீட்டுக்கும் பொருந்தும். கூடலூர் பாட்டியின் பேரனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம், அவன் அன்றிரவே நிரப்பினான். மூன்றாம் நாள் உள்ளூர்க் காவலர் ஒருவர் வந்து விசாரித்தார். படிவத்தின் பிரதியையும் விசாவையும் பார்த்து, தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அங்கே பிள்ளைகள் கண்டதை விரிவாக எழுத இது இடமல்ல. அக்கா எங்களுக்கு எழுதித் தந்த குறிப்பிலிருந்து இரண்டு மட்டும். அங்கே கையால் கிள்ளுவதைவிடக் கத்தரியால் கொழுந்து வெட்டுவது அதிகம், நம் பக்கத்து அம்மாக்கள் பார்த்தால் திட்டுவார்கள் என்று எழுதியிருந்தாள். அக்கம்பக்கத்தார் அந்தக் குடும்பங்களை இன்னமும் "சிலோன்காரங்க" என்று சொல்வதையும் எழுதியிருந்தாள். இங்கே நம்மை இந்தியாக்காரர் என்று சொன்ன காலத்தைப் பற்றி அவள் அம்மாயியிடம் கேட்டது திரும்பி வந்த பிறகுதான்.

தடங்கல்

ஆகஸ்ட் என்பது தென்மேற்குப் பருவமழைக் காலம். பொகவந்தலாவையில் எப்படியோ கூடலூரிலும் அப்படியே. புறப்பட வேண்டிய நாளுக்கு முந்திய இரவு கனமழை பெய்து, ஊட்டி வழியில் மரங்கள் விழுந்து மண் சரிந்து பஸ் நின்றது. கேரளப் பக்கம் சுற்றிப் போகலாம் என்று பேரன் சொன்னான். மழையில் தெரியாத மலைப்பாதையில், அதுவும் இரவில், பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று நாங்களும் அத்தையும் தடுத்தோம்.

அப்படித் தடுக்க முடிந்ததற்குக் காரணம், விமான நாளுக்கு இரண்டு நாட்களுக்கு முன்பே கூடலூரை விட்டுப் புறப்படும்படி திட்டம் போட்டிருந்தது. அந்த இரண்டு நாட்களை வீட்டார் வீண் என்று நினைத்தார்கள். பாட்டிக்கும் அதில் வருத்தம். ஒரு நாள் மழையில் போனது. மறுநாள் பாதை திறந்ததும் அத்தையின் மகன் கூட்டிக்கொண்டு திருச்சி வந்து, ஓர் இரவு தங்கி விமானம் ஏறினார்கள். மலிவு டிக்கெட்டில் திகதி மாற்ற வேண்டும் என்றால் புது டிக்கெட் விலையைக் கட்ட வேண்டியிருந்திருக்கும், அதுவும் இருவருக்கு. மலையிலிருந்து மலைக்குப் போகும் எந்தப் பயணத்திலும் இந்த இடைவெளியை நாங்கள் இனி விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

விளைவு

இருவரும் பத்திரமாகத் திரும்பினார்கள். செலவுக் கணக்கை முடித்தபோது இரு டிக்கெட்டுகளும் சேர்ந்து மொத்தத்தில் பாதிக்கும் கீழே இருந்தன. மீதி கடவுச்சீட்டு, விசா, மொழிபெயர்ப்பு, தூதரகக் கட்டணம், பஸ் கூலி, தகப்பன் இழந்த பேர். அங்கே தங்கிய நாட்களுக்கு ஏறக்குறைய எதுவும் ஆகவில்லை. பாட்டி ஒரு ரூபாயும் வாங்க மறுத்து, போகும்போது இருவருக்கும் உடுப்பும் எடுத்துக் கொடுத்தார்.

வகுப்பில் சில நாட்கள் தவறியதால் அக்காவுக்கு இரசாயனவியலில் கொஞ்சம் பின்தங்கல். அதிபர் அனுமதி தந்திருந்தாலும் பாட ஆசிரியர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை, அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. தாய் ஆரம்பத்தில் பயந்தவர். இப்போது தன் ஒப்பந்தம் முடிந்து வரும்போது தானும் கூடலூர் போக வேண்டும் என்கிறார். தோட்டத்தில் வேறு சில குடும்பங்களும் எங்களிடம் வந்தன. அவர்களில் பெரும்பாலானோருக்கு அக்கரையில் அழைத்துக்கொள்ள அத்தை முறையில் யாரும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டோம். பொறுப்பேற்கும் பெரியவர் இல்லாத இடத்தில் மலிவு என்பது ஆபத்தை மறைக்கும் சொல்லாகிவிடும். அவர்களிடம் நிறுவனங்கள் நடத்தும் திட்டங்களைப் பற்றியே பேசுகிறோம்.

இனி மாற்றப்போவது

வேலையின் வரிசை மாறுகிறது. இதுவரை பயணம் முடிவான பிறகு ஆவணம் பார்த்தோம். இனிமேல் தரம் 8இலேயே பிறப்புச் சான்றிதழையும் பெற்றோரின் அடையாள அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பெயர்களை ஒப்பிடுகிறோம். முரண் இருந்தால் அவசரம் இல்லாத காலத்திலேயே திருத்தம். பயணமே போகாவிட்டாலும் அது பயன்படும்.

வெளிநாட்டில் தாய் அல்லது தகப்பன் இருக்கும் வீடுகளில், அவர்கள் விடுமுறையில் ஊருக்கு வரும்போதே பிள்ளையின் கடவுச்சீட்டை எடுத்துவிடச் சொல்கிறோம். இருவரும் நேரில் கையெழுத்துப் போட்டால் தூதரக அலைச்சல் இல்லை. பயணச் சம்மதக் கடிதத்துக்கு மட்டும் வேறு வழி கிடையாது, அது அந்தந்தப் பயணத்துக்கு எழுதப்பட வேண்டியது.

பிரதேச செயலகத்துக்குப் போகும் நாட்களுக்குத் தகப்பனின் நாட்சம்பளத்தைச் செலவுத் திட்டத்திலேயே சேர்க்கிறோம். உதவி கேட்டு எழுதும்போது டிக்கெட் விலையை மட்டும் எழுதினால் குடும்பம் மீதியைத் தன் வயிற்றில் கட்டிக்கொள்கிறது.

ஆகஸ்டுக்குப் பதில் ஏப்ரல் விடுமுறை என்றால் மழை குறைவு. ஆனால் சித்திரைப் புத்தாண்டையொட்டி டிக்கெட் விலை ஏறும், ஊட்டியிலும் சீசன் கூட்டம். இதில் எங்கள் குழுவுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

தம்பி இப்போது யுனைடெட் வேர்ல்ட் கொலேஜ் தெரிவுக்கு ஆயத்தமாகிறான். ஆங்கில நேர்முகத்துக்கு வாரம் இருமுறை பயிற்சி. அவனுடைய மூன்று வருடக் கடவுச்சீட்டு அந்த இரண்டு வருடப் படிப்பின் நடுவில் காலாவதியாகும் என்பதால், 16 முடிந்ததும் பத்து வருடச் சீட்டுக்கு மாற்றி எழுதும் திகதியை அக்காவே நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறாள்.